நான்காம் கயிறு

போர்ட்கேர்ண், ஸ்கொட்லாந்து
12.02.2025

அண்ணாவுக்கு,

கையெழுத்தைப் பார்த்து யாரென்று யோசிக்க வேண்டாம். அமலினிதான். உங்கள் முகவரியைப் பாரிசில் இருக்கும் றொனி அண்ணாவிடம் வாங்கினேன். எங்கள் சொந்தத்தில் யார் எந்த நாட்டில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று அவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். "ஏன் பிள்ளை, போன் நம்பர் வேண்டாமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போனில் நீங்கள் நன்றாகக் கதைப்பீர்கள். கதைத்து முடிய, நான் எதற்கு எடுத்தேன் என்பது எனக்கே மறந்துபோகும்.

புனிதமலர் அண்ணியும் மகள் றம்யாவும் சுகமாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். என் கணவர் றோபேட்டுக்கு நுரையீரல் பழுதாகிவிட்டது. ஒக்சிசன் சிலிண்டரோடு இருக்கிறார். வைத்தியர் கோடைகாலம் வரைக்கும் பேசினார். அதற்குப் பிறகு உள்ள மாதங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. றோபேட்டுக்கு ஒரு ஆசை. உங்களைப் பார்க்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். "அவர் என்னைப் பார்த்ததில்லை, அதனால்தான்" என்றார்.

ஐயா இறந்தபோது நீங்கள் எழுதி இணையத்தில் போட்ட மரண அறிவித்தலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். "விமலராஜ் (இத்தாலி), அருட்சகோதரி அமலினி (ஸ்கொட்லாந்து) ஆகியோரின் பாசமிகு தந்தையும்." அப்போது நான் மடத்தை விட்டு வந்து இரண்டு வருடம். சபையின் அனுமதிக் கடிதம் என் கையில் இருந்தது. றோபேட்டைக் கோவிலில் வைத்துக் கலியாணம் செய்து ஒன்றரை வருடம். ஐயாவுக்கு எல்லாம் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அறிவித்தலில் நான் கன்னியாஸ்திரி. கன்னியாஸ்திரிக்குக் கணவன் இருக்க முடியாது, ஆகவே ஐயாவுக்கு மருமகனும் இல்லை.

அன்றைக்கு றோபேட் கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரை போட்டு என் பக்கத்தில் இருந்தார். வரி வரியாக வாசித்துச் சொல்லச் சொன்னார். "நான் எங்கே?" என்று கேட்டார். நான் கடைசிக்கு முந்தைய வரியைக் காட்டி, இங்கே என்றேன். அவர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு தேநீர் போடப் போனார்.

அந்தப் பொய்யை நான் சொல்ல வேண்டி வந்ததற்காகத்தான் இத்தனை வருடம் உங்களோடு கதைக்கவில்லை.

வருவதென்றால் எழுதுங்கள்.

அமலினி


பலெர்மோ
27.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மற்றத் தபால்களோடு வேலையிடத்துக்குக் கொண்டுபோய், கவரின் மேலிருந்த கையெழுத்தைப் பார்த்ததும் கதிரையில் இருந்துவிட்டேன். அது என் கதிரை அல்ல, புரொபெசோரேயின் கதிரை. அவர் மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

புரொபெசோரே என்பவர் நான் கவனித்துக்கொள்ளும் முதியவர். லிபெர்த்தாத் தெருவில் நான்காம் மாடி. வயது தொண்ணூற்றொன்று. லத்தீன் பேராசிரியராக இருந்தவர். வாழ்க்கை முழுவதும் செத்துப்போனவர்களோடு பழகியதால் உயிரோடிருப்பவர்களிடம் அவருக்குப் பொறுமை குறைவு. என்னோடு ஒத்துப்போகிறார், நானும் அதே தொழில்தானே. தெரியாதென்றால் சொல்கிறேன்: பலெர்மோத் தமிழர்களில் யாருக்கு ஊரில் இழவு விழுந்தாலும் அறிவித்தல் எழுத என்னிடம்தான் வருகிறார்கள். ஒரு காலத்தில் மன்னாரில் தமிழ் படிப்பித்த பாவம். இறந்தவரைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. யாருடைய பெயருக்கு முன்னால் யாருடைய பெயர் வர வேண்டும் என்பதில்தான் கண்ணீர் வரும். போன மாதம் ஒரு மருமகள் தன் பெயர் மூன்றாவதாக வந்ததற்காக என் வீட்டுப் படியில் இருந்து அழுதாள். மாமியாருக்கு அவள் அப்படி அழவில்லை.

இதையெல்லாம் எழுதுவது, நீ கேட்ட இடத்துக்கு வராமல் சுற்றிப் போகத்தான். உனக்கு அது தெரியும்.

இடம் போதவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. அவசரம் என்று எழுதலாமா என்று பார்த்தேன். அன்று ஐந்து மணித்தியாலம் எனக்கு இருந்தது. உள்ளது இதுதான்: உன் பழைய மடத்துச் சகோதரிகள் ஐயாவின் அடக்கத்துக்குப் பாட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊரில், பேசாலைக் கோவிலில் எங்களுக்கு முன்வரிசை, சிஸ்டரின் குடும்பம் என்றபடியால். இங்கே பலெர்மோவில் பங்குத் தமிழர் கமிற்றிக்கு என்னைச் செக்றட்டறியாக்கியதும் சிஸ்டரின் தமையன் என்றபடியால். உண்மையை எழுதினால் சனம் என்ன சொல்லும் என்று யோசித்தேன். எந்தச் சனம் என்று அப்போது யோசிக்கவில்லை.

மே மாதம் புரொபெசோரேயின் மகள் மிலானிலிருந்து வந்து ஒரு கிழமை நிற்பா. அப்போது வருகிறேன். போன வருடம் இத்தாலியப் பாஸ்போட் கிடைத்துவிட்டது. ஆகவே கடதாசி இல்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

போன் நம்பர் வேண்டாம் என்றாய். என்றாலும் அவசரத்துக்குப் புரொபெசோரேயின் வீட்டு நம்பரைக் கீழே எழுதுகிறேன். பகலில் நான் எப்போதும் இங்கேதான்.

அண்ணியும் றம்யாவும் உன்னை விசாரித்தார்கள். அண்ணி விசாரித்த விதத்தில் எனக்குத்தான் ஏச்சு விழுந்தது.

அன்புடன்,
அண்ணா
விமலராஜ்


பலெர்மோ
18.05.2025

அன்புள்ள அமலினிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நான் இல்லாத ஒரு கிழமையில் புரொபெசோரே மூன்று பேரோடு சண்டை பிடித்து, மகளை அழவைத்து, நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார். "உன் புராதன மீன்பிடிக் கிராமம் எப்படி?" என்று கேட்டார். மீனும் இல்லை, பிடிப்பவரும் இல்லை, புராதனம் மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது என்றேன்.

நீ அங்கேயே இருக்கிறபடியால் உனக்குத் தெரியாமல் போயிருக்கும். வந்து பார்ப்பவனுக்கு உங்கள் ஊர் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். அபர்டீனிலிருந்து பஸ்ஸில் வந்து, மலை விளிம்பில் இறங்கி, கீழே பார்த்தேன். ஒரே ஒரு வரிசை வீடுகள். கடலுக்கு முகத்தைக் காட்டாமல் தோளைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் படம் எடுக்க நிற்பதுபோல. வாகனம் போக வழியில்லை. தெரு முடியும் இடத்தில் ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வீட்டின் பெயர். கதவுகளில், விடுமுறைக்கு வாடகைக்கு வருபவர்களுக்காக, இலக்கம் அமர்த்தித் திறக்கும் சாவிப் பெட்டிகள். நாற்பது வீட்டில் ஐந்தில்தான் மாரிகாலத்திலும் ஆட்கள் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன்.

"வேலை நடக்கும் துறைமுகம், அவதானம்" என்று ஒரு பலகை. அதற்குப் பக்கத்தில் நின்று ஒருவர் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தார். நூதனசாலையில் மெழுகால் செய்த ஒரு மீனவன், எண்ணெய்ச் சட்டை போட்டு, வலையைப் பிடித்த விதம் பிழை. அதைப் பார்க்க வரிசை. அந்த ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே மெய்யான மீனவன், உன் றோபேட், மூன்று வீடு தள்ளி இருமிக்கொண்டிருந்தார். அவரைப் படமெடுக்க யாராவது வந்தால், தான் இளைப்பாறிய கணக்காளர் என்று சொல்லி அனுப்பிவிடுவாராமே. வியாழக்கிழமை வேனில் மீன் விற்க வந்தவரிடம் அவர் மீனின் செவுளைத் திறந்து பார்த்த பார்வை, ஐயாவின் பார்வை.

இனி நீ பார்க்காததை எழுதுகிறேன்.

நான் மலையால் இறங்கி வர, தெரு முடியும் இடத்தில் அவர் நின்றார். தள்ளுவண்டிக்குள் ஒக்சிசன் சிலிண்டர். மூச்சை எடுத்துச் சேர்த்து வைத்துக்கொண்டு, "வாங்கோ மச்சான்" என்றார். நீ பழக்கியிருப்பாய். நான் "ஹலோ, மிஸ்டர் வொட்" என்றேன். பிறகு என் பெட்டியையும் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைத்து நான் தள்ளினேன். அந்த "ஹலோ" பலெர்மோ வரை என்னோடு வந்துவிட்டது.

நீ மருந்து எடுக்கப் போன புதன்கிழமை அவர் என்னைத் துறைமுகச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலில் போனவர்களின் பெயர் வெட்டிய கல் இருக்கிறதே, அதற்கு முன்னால் இருந்தோம். நான் அதைத் தொழில்காரன் கண்ணால் பார்த்தேன். பாசமிகு இல்லை, அன்னார் இல்லை, பெயர் மட்டும். ஆறு ஜேம்ஸ் வொட். எல்லாருக்கும் ஒரே பெயர் என்றபடியால் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், அதையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் பட்டப்பெயர் உண்டு, ஆனால் கல்லில் வெட்டினால் வெட்டுக்குத்து நடக்கும். அவருடைய பாட்டனார் இரண்டு நாள் பிஸ்கட்டை மட்டும் தின்று கடலில் கிடந்து தப்பியதால், அவர்கள் பரம்பரைக்கே "பிஸ்கட்" என்று சொன்னார்.

கல்லின் அடியில் ஒரு பெயர் வேறு எழுத்தில் இருந்தது. கேட்டேன். "வேறு ஊரிலிருந்து கூலிக்கு வந்தவன். எங்கள் ஆள் இல்லை என்று முதலில் விட்டுவிட்டார்கள். நாற்பது வருடம் கழித்துத்தான் வெட்டினார்கள், அதற்குள் பழைய கல்வெட்டுக்காரன் செத்துப்போனான்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஐயாவோடு போனில் கதைத்ததைச் சொன்னார். ஐயா தமிழில், இவர் அந்த ஊர் இங்கிலிஸில். "உங்கள் அப்பா 'காத்து எப்பிடி?' என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் அங்கே காத்து எப்படி என்று சொல்வார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காது. ஆனால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?" என்றார்.

பிறகு ஒரு கடதாசியை எடுத்து விரித்தார். சவப்பெட்டியின் படம். சுற்றிவர எட்டுப் புள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரை இலக்கம். அந்த நாட்டில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளைச் சொந்தக்காரர்தான் பிடிக்க வேண்டுமாம். யார் எதைப் பிடிப்பது என்று முன்னரே எழுதி ஆளுக்கொரு அட்டை அனுப்புவார்களாம். முதலாவதில் உன் பெயர். நான்காம் கயிற்றில் என் பெயர். நான் வருவதற்கு முன்னரே எழுதியிருந்தார், மை பழையது.

"வருவீர்களா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். "என் அறிவித்தலை அவளை எழுத விடாதேங்கோ. நீங்கள் எழுதுங்கோ. பிஸ்கட் என்று போட மறக்க வேண்டாம்" என்றார். எழுதுவேன் என்றேன். இரண்டு வாக்கு.

இன்னொன்றும் சொன்னார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அவருக்கு என் அன்பைச் சொல். மச்சான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணா


போர்ட்கேர்ண்
07.06.2025

அன்புள்ள அண்ணா,

நேற்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு றோபேட் போய்விட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். யன்னலைத் திறந்துவிடச் சொன்னார். திறந்தேன். "வடக்குக் காத்து" என்றார். அவ்வளவுதான்.

நேற்றே உங்களுக்குப் போனில் சேதி அனுப்பினேன். இதைக் கூரியரில் அனுப்புவது, அட்டை கையில்தான் சேர வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தபடியால். செவ்வாய்க்கிழமை வந்துவிடும். அடக்கம் வருகிற வெள்ளி, பதின்மூன்றாம் திகதி, காலை பதினொரு மணி. வெள்ளிக்கிழமையும் பதின்மூன்றும் சேர்ந்து வரும் நாளில் இந்தப் பக்கத்துக் கடல்காரர் பல்லுக்கூட விளக்க மாட்டார்கள். வேறு நாள் கிடைக்கவில்லை. அவர் கேட்டால் சிரிப்பார்.

கடைசிக் கிழமையில் உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். "மச்சான் கேட்டதாகச் சொல்" என்ற வரியைத் தமிழிலேயே வாசிக்கச் சொன்னார்.

வியாழன் பின்னேரம் வந்தால் போதும். தெரு முடியும் இடத்தில் நான் தள்ளுவண்டியோடு நிற்கிறேன்.

உங்கள் தங்கச்சி
அமலினி


பலெர்மோ
16.06.2025

அன்புள்ள தங்கச்சி,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. வியாழன் காலை போனில் அனுப்பிய சேதியை நீ பார்த்திருப்பாய். புரொபெசோரேக்குப் புதன்கிழமை திடீரென்று கடுமையான காய்ச்சல். மகள் மிலானிலிருந்து வர முடியாத நிலைமை. தொண்ணூற்றொரு வயது மனிதரைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவது? விமானச் சீட்டு எடுத்தாயிற்று, பெட்டியும் கட்டியாயிற்று. புனிதமலர் கறுப்புச் சட்டையை அயன் பண்ணி வைத்திருந்தாள்.

அட்டை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அழகான அட்டை. கறுப்புக் கரை.

வெள்ளிக்கிழமை இங்கே அந்தோனியார் திருநாள். பூசையில் இறந்தவர்களுக்காக வாசிக்கும் பெயர்ப் பட்டியலில் றோபேட்டின் பெயரையும் சேர்த்தேன். நாற்பத்து மூன்று பெயர்களில் முப்பத்தேழாவது. தெளிவாக வாசித்தார்கள். எல்லாரும் மன்றாடினார்கள்.

நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிடுகிறாயா? பக்கத்து வீடுகளில் யாராவது வந்து போகிறார்களா? ஒரு வரி எழுது.

மனவருத்தத்துடன்,
அண்ணா


போர்ட்கேர்ண்
25.06.2025

அண்ணாவுக்கு,

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் புரொபெசோரேயின் வீட்டு நம்பருக்கு அடித்தேன். காய்ச்சல்காரரை எழுப்ப அல்ல. நீங்கள் அங்கே தனியே இருந்து கவலைப்படுவீர்கள், ஒரு வார்த்தை சொல்லுவோம் என்று நினைத்தேன்.

அவரே எடுத்தார். புத்தகத்தில் இருப்பது போன்ற அழகான இங்கிலிஸ். காய்ச்சல் எப்படி என்று கேட்டேன். "எனக்கா? அம்மா, எனக்குக் கடைசியாகக் காய்ச்சல் வந்தது மூன்று பாப்பரசர்களுக்கு முன்னர்" என்றார். "உங்கள் அண்ணன் இங்கே இல்லை, கோவில் திருநாளில் ஒலிபெருக்கி கட்டப் போய்விட்டார், ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "துக்கமாகக் கதைக்கிறீர்கள், என்ன நடந்தது?" என்று கேட்டார். என் கணவரை இன்று அடக்கம் செய்கிறோம் என்றேன். "அவர் எனக்குச் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் நானே பிடித்துத் தள்ளி அனுப்பியிருப்பேன்" என்றார். அன்று எனக்கு ஆறுதல் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அடக்கம் நல்லபடி நடந்தது. ஒவ்வொருவரும் தங்கள் இலக்கத்தில் போய் நின்றார்கள். நான்காம் இடத்தில் யாரும் இல்லை. அடக்கச்சேவைக்காரர் தன்னுடைய ஆள் ஒருவரைக் கண் காட்டினார், அந்த ஆள் வந்து கயிற்றை எடுக்கக் குனிந்தார். நான் வேண்டாம் என்றேன். அதற்கு ஆள் இருக்கிறார் என்றேன். அந்த ஆள் நிமிர்ந்து பின்னால் போய் நின்றார். ஏழு கயிற்றில் இறங்கினார். நான்காம் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் போனார்.

பூசையில் முப்பத்தேழாவதாக வாசித்தீர்கள். மன்னார் ஆட்களில் றோபேட் என்ற பெயரில் நூறு பேர் இருப்பார்கள். யாராவது இது எந்த றோபேட் என்று கேட்டார்களா? கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதானே சேர்த்தீர்கள். அவருக்காகப் பிரார்த்திக்கும்போதும் அவரை ஒளித்துக் கொண்டுபோயிருக்கிறீர்கள்.

நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் பதினொரு வருடம் இருந்தது, மே மாதத்தில் முடிந்துவிட்டது. இது வேறு ஏதோ.

அமலினி


பலெர்மோ
10.07.2025

அன்புள்ள அமலினி,

புரொபெசோரே என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் லத்தீனில் ஏசினார். மொழிபெயர்க்கக் கேட்டேன், தகுதியில்லை என்றார்.

நடந்ததை எழுதுகிறேன். இதில் ஒரு சோடனையும் இல்லை.

புதன்கிழமை பின்னேரம் திருநாள் கமிற்றிக் கூட்டம். தலைவர் சூசைதாசன். நான் எழும்பி, வெள்ளிக்கிழமை நிற்க மாட்டேன், ஒரு செத்தவீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். "செக்றட்டறி இல்லாமல் கொடியேத்தமோ? ஆர் செத்தது?" என்றார். மச்சான் என்று வாய்வரை வந்தது. மச்சான் என்றால் எந்த மச்சான்? புனிதமலருக்குச் சகோதரர் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் தங்கச்சியின் புருசன். தங்கச்சி சிஸ்டர் அல்லவா? பன்னிரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரிஞ்ச ஒராள்" என்றேன். "தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் ஒருநாளைக்குச் சாகத்தான் போகினம். நீர் மைக்கைப் பாரும் காணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு விமானம் போய்விட்டது.

அடக்கம் நடந்த நேரத்தில் நான் கோவில் முற்றத்தில் ஏணியில் நின்று ஒலிபெருக்கிக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு, ஆறாம் திகதி, முப்பத்தோராம் நாள். அவருக்கென்று தனிப்பூசை சொல்லி, வாசற்பலகையில் என் கையால் எழுதி ஒட்டினேன். அன்று காலையே இதை இணையத்தில் போட்டேன்:

"ஸ்கொட்லாந்து போர்ட்கேர்ணைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட றோபேட் வொட் (பிஸ்கட்) அவர்கள் 06.06.2025 அன்று இறைவனடி சேர்ந்தார். அன்னார் அமலினியின் அன்புக் கணவரும், மன்னார் பேசாலையைச் சேர்ந்த காலஞ்சென்ற சுவாம்பிள்ளை, எலிசபெத் தம்பதிகளின் அன்பு மருமகனும், விமலராஜின் (இத்தாலி) அன்பு மச்சானும், றம்யாவின் மாமாவும் ஆவார். இதனை அறிவிக்கத் தாமதித்தவர் விமலராஜ்."

மைத்துனர் என்றுதான் போடுவது வழக்கம். மச்சான் என்று போட்டேன்.

பூசை முடிந்து வாசலில் நின்றேன். இனிச் சனம் வரும், கேட்கும், செக்றட்டறிப் பதவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று ஆயத்தமாக நின்றேன். சூசைதாசன் வந்தார். "ஸ்கொட்லாந்து மச்சானோ காணும் அண்டைக்குச் செத்தது? சொல்லியிருந்தால் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு மலர்வளையம் அனுப்பியிருப்பம்" என்றார். என் தங்கச்சி மடத்தை விட்டு வந்துவிட்டா என்று நான் தொடங்கினேன். "அது அப்பவே பேசாலை முழுக்கத் தெரியுமே. நீர் சிஸ்டர் சிஸ்டர் எண்டு கொண்டிருந்தீர். சரி, மனிசனுக்கு அதிலை ஒரு சந்தோசம், கெடுப்பான் ஏன் எண்டு நாங்களும் பேசாமல் இருந்திட்டம்" என்றார். பிறகு ஓகஸ்ட் மடுமாதா திருநாளுக்கு மைக்குக்காரனை இப்போதே பிடிக்கச் சொன்னார்.

அவ்வளவுதான், அமலினி. நான் பதினொரு வருடம் பயந்த சனம் இதுதான். பின்னேரம் றொனி பாரிசிலிருந்து எடுத்தான். "மச்சான் எண்டு போட்டிருக்கிறாய், நல்லது. ஒண்டுவிட்ட சகோதரம் நான் ஒருத்தன் இருக்கிறன், என்ரை பேர் எங்கை?" என்று அரை மணித்தியாலம் ஏசினான்.

அன்று துறைமுகச் சுவரில் றோபேட் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று சொன்னதை இப்போது சொல்கிறேன். ஐயாவின் அறிவித்தலில் தன் பெயர் இல்லையென்று நீ வாசித்துக் காட்டிய அன்றே அவருக்குத் தெரியும். நீ பிறந்தநாள் அட்டைகளில் அவர் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுப்பாயாம். அந்த வடிவத்தை அவர் மனதில் வைத்திருந்தார். நீ காட்டிய வரியில் அது இல்லை. விரலை வைத்துத் தேடியிருக்கிறார். "அவள் எனக்காகப் பொய் சொன்னாள். பிடித்துவிட்டேன் என்று காட்டினால் அவளுக்கு வெட்கமாகப் போகும்" என்றார். என்னை ஏசுவார் என்று பார்த்தேன். "நீங்களும் யாருக்காவது பயந்துதான் செய்திருப்பீர்கள். பயம் இல்லாதவன் கடலுக்கு வரக்கூடாது" என்றார். நான் அந்தச் சுவரில் அழுதேன். அவர் சிலிண்டரை என் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தார். எனக்கும் மூச்சுத் திணறுகிறது என்று நினைத்தாரோ, பகிடியோ, தெரியாது.

அட்டையைப் பாஸ்போட்டுக்குள் வைத்திருக்கிறேன். செப்ரெம்பரில் வரட்டுமா? கயிறு பிடிக்கும் காலம் போய்விட்டது, தெரியும். வந்து அந்த இடத்தில் நிற்கிறேன்.

உன் அண்ணா
விமலராஜ்


போர்ட்கேர்ண்
02.08.2025

அண்ணாவுக்கு,

அறிவித்தலை அச்செடுத்து ஐயாவுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். பிழை ஒன்றும் இல்லை. பிஸ்கட் என்று போட்டதற்கு நன்றி. அவருடைய தமக்கைக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். மச்சான் என்றால் என்ன என்று கேட்டா. சொன்னேன்.

விரல் விஷயம் எனக்குத் தெரியாது. அந்த வரியை எத்தனையோ தரம் அவருக்குக் காட்டியிருக்கிறேன், வருகிறவர்களுக்கும் அவர் முன்னாலேயே காட்டியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார். இரண்டு கிழமையாக அந்தத் தலையாட்டலைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதைச் சொன்னதற்கு உங்களுக்கு நன்றி சொல்வதா, கோபிப்பதா என்று தெரியவில்லை. ஜூன் மாதத்துக்கு முன்னர் சொல்லியிருக்கலாம். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் தேநீர் போடப் போயிருப்பார்.

கல்லின் அடியில் வேறு எழுத்தில் இருக்கும் பெயரை நேற்றுப் போய்ப் பார்த்தேன். மற்றப் பெயர்களைவிட ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். பிந்தி வெட்டினவர்களுக்கு அப்படித்தான் கை போகும் போலிருக்கிறது.

முன்பு நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் திரும்பவும் கேட்டார்கள். அங்கேயே ஒரு அறை தருகிறார்கள். இந்த மாதக் கடைசியில் போகிறேன். இந்த வீட்டில் படி ஏறும்போதெல்லாம் மேலே இருமல் கேட்கிறதா என்று நிற்கிறேன். வீட்டை விடுமுறை வாடகைக்கு விடும் ஆட்களிடம் கொடுத்துவிட்டேன். கதவில் சாவிப் பெட்டி பூட்டிவிட்டார்கள். இனி மாரிகாலத்தில் இங்கே நாலு வீடு.

செப்ரெம்பரில் வாருங்கள். மூன்றாம் கிழமை யாரும் பதியவில்லை, உங்கள் பெயரை எழுதிவிட்டேன். பெட்டியின் இலக்கம் 1306. தெரு முடியும் இடத்தில் எங்கள் தள்ளுவண்டி நிற்கும், பெயர் எழுதியிருக்கிறது. வலது கைப்பிடி தளர்ந்துவிட்டது, பார்த்துப் பிடியுங்கள். கல்லறை கோவிலுக்குப் பின்னால், மேட்டில். நான்காம் பக்கம் என்பது கடலைப் பார்த்த பக்கம்.

வீட்டில் எல்லாம் இருக்கிறது. தேயிலை மேல்தட்டில். காற்று வடக்கிலிருந்து வந்தால் யன்னலைச் சாத்துங்கள்.

நான் இருக்க மாட்டேன்.

அமலினி